ஷகாஃப் ஊத்தா, சாட்டின் மூடா? வைகாசிக் கல்யாணத்துக்கு ஒன்று சொல்லுங்கள்

வடுவூர்க்காரன்

எல்லாருக்கும் வணக்கம். தங்கச்சிக்கு வைகாசியில் கல்யாணம், மன்னார்குடியில் மண்டபம். துபாயில் இருக்கும் மாமா மகன் லீவில் வருகிறான். "உனக்கு ஒரு நல்ல சென்ட் வாங்கிட்டு வர்றேன், பேரை மட்டும் சொல்லு" என்று பிடிவாதமாக இருக்கிறான்.

எனக்கு எலுமிச்சை, கடல்காற்று மாதிரி லேசான வகையெல்லாம் ஒத்து வராது. ரோஜாவும் ஊத்தும் (அகில் கட்டை வாசம்) சேர்ந்து, இனிப்பாக, கனமாக, ஆள் போன பிறகும் கொஞ்ச நேரம் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். தேடித் தேடி இரண்டில் வந்து நிற்கிறேன். ஒன்று ஸ்விஸ் அரேபியன் கம்பெனியின் ஷகாஃப் ஊத். இன்னொன்று மேசோன் ஃபிரான்சிஸ் குர்க்ஜானின் ஊத் சாட்டின் மூட். வீடியோ போடுகிறவர்கள் பாதிப் பேர் இரண்டும் ஒரே சாயல் என்கிறார்கள். விலையோ மலைக்கும் மடுவுக்கும். முதலாவது என்றால் மாமா மகனின் அன்பளிப்பு. இரண்டாவது என்றால் பாதிப் பணம் நான் போட வேண்டும், கல்யாணச் செலவுக்கு நடுவில்.

இரண்டையும் பக்கத்தில் வைத்து மோந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். நான் பெண்ணின் அண்ணன் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். மேடையில் உட்காருகிற ஆள் இல்லை, ஓடுகிற ஆள்.

சந்தேகப்பிராணி

இரண்டுமே சாம்பிராணி வாசம்தான். இருபது ரூபாய்க்கு ஒரு பாக்கெட் வாங்கி மண்டபத்தில் புகை போடுங்கள், மொத்தக் கூட்டத்துக்கும் ஆகும்.

கூத்தாநல்லூர் பாய்

மேலே சொன்னவருக்குக் கடைசியில் வருகிறேன்.

தம்பி, நான் ஷார்ஜாவில் சென்ட் கடையில் நின்றவன். இப்போது ஊரில் சின்னதாகக் கடை. ஷகாஃப் ஊத்தை எத்தனையோ பேருக்கு விற்றிருக்கிறேன், அதனால் என் பேச்சில் கொஞ்சம் சாய்வு இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்விஸ் அரேபியன் 1974-ல் அமீரகத்தில் ஆரம்பித்த கம்பெனி. பெயரில் ஸ்விஸ் இருந்தாலும் மூக்கு அரபு மூக்குதான்.

ஷகாஃப் ஊத்தில் சொல்லப்படும் சரக்கு ஐந்து: குங்குமப்பூ, ரோஜா, ஊத், பிரலீன் (சர்க்கரைப் பாகில் வறுத்த கொட்டை வாசம்), வெண்ணிலா. அடித்தவுடன் குங்குமப்பூ முன்னால் வந்து நிற்கும். கொஞ்சம் காரம், கொஞ்சம் தோல் வாசம். சிலருக்கு அந்த முதல் கால் மணி நேரம் பிடிக்காமல் போய், "என்ன பாய் இது" என்று பாட்டிலைத் திருப்பித் தந்துவிடுவார்கள். அவர்களை ஒரு டீ குடித்துவிட்டு வரச் சொல்வேன். வரும்போது ரோஜாவும் சர்க்கரைப் பாகும் கலந்து நிற்கும். அப்புறம் அது இறங்கி வெண்ணிலாவில் போய் உட்கார்ந்தால் ராத்திரி வரை அசையாது. சட்டையில் பட்டால் மறுநாளும் இருக்கும்.

முக்கியமான ஒன்று. ஷகாஃப் ஊத் என்ற பெயரில் ஒரே பாட்டில் இல்லை. அஸ்வத், அஹ்மர், அப்யத் என்று பின்னால் வால் வைத்துப் பல உண்டு. கறுப்பு, சிவப்பு, வெள்ளை. ஒவ்வொன்றும் வேறு வேறு வாசம். நீங்கள் கேட்பது வால் இல்லாத, தங்க நிறப் பாட்டில். மாமா மகனிடம் படம் அனுப்பிச் சொல்லுங்கள். "ஷகாஃப் கேட்டேன், இதைத்தான் கொடுத்தான்" என்று வேறு நிறத்தோடு வந்து நிற்பார்கள், வழக்கமாக நடப்பதுதான்.

சாம்பிராணிக்காரருக்கு: சாட்டின் மூடில் சாம்பிராணிச் சரக்கு நிஜமாகவே இருக்கிறது. நீங்கள் கேலியாகச் சொன்னது பாதி உண்மை.

குடந்தை வெற்றிலை

பாய் சொன்னது சரி. சாட்டின் மூடில் சயாம் பெஞ்சாயின் என்று போட்டிருப்பது சாம்பிராணிப் பிசின் குடும்பம்தான். ஆனால் புகையாக வருவதற்கும் வெண்ணிலாவோடு கலந்து தோலில் உட்காருவதற்கும் ரொம்ப தூரம்.

நான் சாட்டின் மூட் வைத்திருக்கிறேன். அக்கா மகன் பாரிஸிலிருந்து கொண்டுவந்தது, சொந்தக் காசு என்றால் வாங்கியிருக்க மாட்டேன். குர்க்ஜான் யாரென்று தெரியாதவர்களுக்கு: 1995-ல் வந்த லே மால் என்ற சென்டைச் செய்தவர். 2009-ல் சொந்தக் கம்பெனி ஆரம்பித்தார். ஊத் மூட் என்று ஒரு வரிசை போட்டார். சில்க், வெல்வெட், கேஷ்மீர் எல்லாம் முதலில் வந்தன, 2015-ல் சாட்டின். இங்கேயும் பாய் சொன்ன அதே குழப்பம் உண்டு. சில்க் மூடிலும் ரோஜா இருக்கிறது, ஆனால் அது வறண்ட வாசம், இனிப்பு கிடையாது. பெயரைச் சரியாகச் சொல்லுங்கள்.

இரண்டும் ஒரே சாயல் என்பதை நான் பாதிதான் ஒத்துக்கொள்வேன். தூரத்திலிருந்து அப்படித் தெரியும். கிட்டே போனால் சாட்டின் மூடில் வயலட் பூ இருக்கிறது. முகப் பவுடர் டப்பாவைத் திறந்தால் வருகிற அந்த மென்மையான மாவு வாசம். ரோஜா அதற்குள்ளே முங்கி இருக்கிறது. குங்குமப்பூவின் காரம் கிடையாது. ஊத் என்று பெயரில் இருந்தாலும் அது பின்னணியில் ஒரு நிழல், அவ்வளவுதான். ஏசி இருக்கிற ஆபீஸில் நான் போட்டுக்கொண்டு போனால், லெட்ஜரைக் குனிந்து பார்க்கிறவர்கள் நிமிர்ந்து என்ன சென்ட் மேடம் என்று கேட்கிறார்கள். ஷகாஃப் போட்ட நாளில் யாரும் கேட்கவில்லை, ஆனால் ஜன்னலைத் திறந்துவிட்டார்கள்.

கூத்தாநல்லூர் பாய்

அக்கா, அது அடித்த அளவு. ஷகாஃப்பை இரண்டு அழுத்தத்துக்கு மேல் அடிக்கக் கூடாது.

குடந்தை வெற்றிலை

இரண்டுதான் அடித்தேன் பாய்.

பந்தி மேற்பார்வை

நான் சமையல் கான்ட்ராக்ட் பக்கம் இருக்கிறவன். வாசனை பற்றி எனக்குத் தெரியாது, பந்தி பற்றித் தெரியும். பெண்ணின் அண்ணன் என்றால் நீங்கள் பந்தியில்தான் நிற்பீர்கள். இலைக்கு இலை குனிந்து "இன்னும் கொஞ்சம் போடச் சொல்லவா, சித்தப்பா" என்று கேட்பீர்கள். அப்போது உங்கள் கழுத்து அவருடைய ரசத்துக்கு நேர் மேலே இருக்கும். கனமான சென்ட் போட்டுக்கொண்டு வந்து நின்ற ஒரு மாமாவால், பெரியவர் ஒருவர் பாயசத்தை ஒதுக்கியதைப் பார்த்திருக்கிறேன். கெட்டுவிட்டதோ என்று சமையல்காரர்தான் திட்டு வாங்கினார்.

எது வாங்கினாலும் பரவாயில்லை. முகூர்த்தத்தன்று காலை போடாதீர்கள். முதல் நாள் சாயங்காலம் வரவேற்புக்குப் போடுங்கள்.

வடுவூர்க்காரன்

அண்ணே, இது எனக்குத் தோன்றவே இல்லை. நியாயம். அப்படியென்றால் வரவேற்பு சாயங்காலம் மட்டும் என்று வைத்துக்கொள்வோம். மண்டபத்தில் ஏசி கிடையாது, பெரிய பெரிய ஃபேன்தான்.

வேதியியல் வாத்தியார், மயிலாடுதுறை

ஃபேன் என்றதும் எழுத வந்தேன். பாடம் எடுப்பதாக நினைக்க வேண்டாம்.

வைகாசியில் நம் பக்கம் சாயங்காலமானாலும் தோல் சூடாகவே இருக்கும். சூடு கூடினால் வாசனை மூலக்கூறுகள் வேகமாகக் கிளம்பும். குளிர் நாட்டில் எட்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வர வேண்டியது இங்கே முதல் இரண்டு மணி நேரத்திலேயே மொத்தமாகக் கொட்டும். ஐரோப்பாவில் உட்கார்ந்து ஐந்து ஸ்ப்ரே அடி என்று வீடியோவில் சொல்கிறவர் பேச்சை மன்னார்குடியில் கேட்கக் கூடாது. இங்கே ஒன்று, மிஞ்சினால் இரண்டு. அதையும் கழுத்தில் அடிக்காமல், சட்டைக்குள் மார்பில் அடியுங்கள். வியர்வை வழியும் இடத்தில் இனிப்பு வாசம் புளித்துப்போகும்.

அடுத்து வயலட். அதன் வாசனைக்குக் காரணம் அயனோன் என்னும் சேர்மங்கள். அவற்றுக்கு ஒரு வேடிக்கையான குணம் உண்டு. மூக்கு அவற்றைக் கொஞ்ச நேரத்தில் உணர மறுத்துவிடும், பிறகு திடீரென்று மறுபடி உணரும். போட்டவருக்கு வாசம் போய்விட்டது போலத் தோன்றும், பக்கத்தில் நிற்பவருக்கு முழுசாக வந்துகொண்டிருக்கும். சாட்டின் மூட் "நிற்கவில்லை" என்று குறை சொல்கிற பலர் இதில் ஏமாந்தவர்கள். போய்விட்டது என்று மேலே மேலே அடித்தால் மற்றவர்கள் கதி அதோகதி.

கடைசியாக வேட்டி. இரண்டிலும் வெண்ணிலா கனம். வெண்ணிலா வாசத்தைத் தருகிற வெண்ணிலின், காற்றும் வெளிச்சமும் பட்டால் பழுப்பாக மாறும் சேர்மம். பாட்டிலிலேயே நாளாக நாளாக நிறம் கறுப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளைப் பட்டு வேட்டியிலும் வெள்ளைச் சட்டையிலும் நேராக அடித்தால் கறை விழ வாய்ப்பு உண்டு. தோலில் அடித்துக் காய்ந்த பிறகு சட்டை போடுங்கள்.

சந்தேகப்பிராணி

சார், அந்த ஊத் நிஜமா பொய்யா? அதைச் சொல்லுங்கள். மரத்தில் பூஞ்சை பிடித்தால்தான் வரும், தங்கத்தை விட விலை என்கிறார்கள். சில ஆயிரத்துக்கு எப்படிக் கொடுக்கிறான்?

வேதியியல் வாத்தியார், மயிலாடுதுறை

நல்ல கேள்வி. அகில் மரத்தில் காயம் பட்டு, பூஞ்சை ஏறி, மரம் தன்னைக் காத்துக்கொள்ளச் சுரக்கும் பிசின் ஊறிய கட்டைதான் ஊத். எல்லா மரத்திலும் அது வராது. காட்டில் வெட்டி வெட்டி அருகிப்போனதால், 2005-லிருந்து அகில் மரங்களின் பேரினமான அக்விலேரியா முழுவதும், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. நாடு விட்டு நாடு போக அனுமதிச் சீட்டு வேண்டும். அசாமில் தோட்டமாகவே வளர்க்கிறார்கள்.

சில ஆயிர ரூபாய் பாட்டிலில் ஊத் வாசம் பெரும்பாலும் ஆய்வகக் கலவை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, நன்றாகச் செய்தால் நன்றாகவே இருக்கும். சாட்டின் மூடில் லாவோஸ் ஊத் என்று கம்பெனி சொல்கிறது. ஆனால் அதற்காகப் பணம் கொடுக்காதீர்கள். அங்கே விலைக்குக் காரணமாக என் மூக்குக்குத் தெரிவது ரோஜா. பல்கேரிய ரோஜா எண்ணெயும் துருக்கி ரோஜா அப்சொல்யூட்டும் (கரைப்பானில் எடுத்த சாறு) போடுவதாகச் சொல்கிறார்கள். ஒரு கிலோ ரோஜா எண்ணெய்க்கு மூன்று டன்னுக்கு மேல் இதழ் வேண்டும், அதுவும் வெயில் ஏறுவதற்குள் பறித்தது.

தஞ்சாவூர் பூச்சந்தை

வாத்தியார் ரோஜாவைத் தொட்டதால் நானும் வருகிறேன். பூ வியாபாரம்.

நீங்கள் எல்லாரும் சென்டை மட்டும் தனியாகப் பேசுகிறீர்கள். கல்யாண மண்டபத்தில் வாசம் ஏற்கெனவே நிரம்பி இருக்கும். வாசலில் பன்னீர் சொம்பு, சந்தனக் கிண்ணம். பெண்களின் தலையில் முழம் முழமாக மல்லி. மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் ரோஜா மாலை. இதற்குள்ளே போய் நிற்கப் போகிற சென்ட் எது என்று பாருங்கள். நான் இரண்டையும் கேள்விப்பட்டதோடு சரி, ஆனால் தினமும் மூக்கில் ஏறுவது ரோஜாவும் மல்லியும். மல்லி மொட்டு விரிகிற ராத்திரி எட்டு மணி வாக்கில் அதன் முன்னால் பவுடர் வாசம் எடுபடாது. மல்லி அதை விழுங்கிவிடும். காரமாக ஏதாவது இருந்தால்தான் தனியாகத் தெரியும்.

இன்னொன்று, மாலைக்கு வருகிற பெரிய ரோஜாவில் வாசம் அநேகமாகக் கிடையாது. வாசம் இருப்பது பன்னீர் ரோஜாவில்தான், அது சீக்கிரம் உதிரும்.

வேதியியல் வாத்தியார், மயிலாடுதுறை

மல்லி பற்றிச் சொன்னது ரொம்பச் சரி. பன்னீர் பற்றி ஒரு வரி: ரோஜாவைக் காய்ச்சி வடிக்கும்போது ஃபீனைல் எத்தில் ஆல்கஹால் என்ற பாகம் பெரும்பாலும் தண்ணீரோடு போய்விடும், எண்ணெயில் கொஞ்சமே தங்கும். அதனால்தான் பன்னீர் அப்படி மென்மையாக மணக்கிறது. கரைப்பானில் எடுக்கிற அப்சொல்யூட்டில் அந்தப் பாகம் நிறைய. ஆகவே வாசலில் பன்னீர் தெளித்த மண்டபத்தில் சாட்டின் மூடின் ரோஜா அதோடு கலந்து, உங்கள் மேலிருந்து வருகிறதா மண்டபத்திலிருந்து வருகிறதா என்று தெரியாமல் போகலாம். அது நல்லதா கெட்டதா என்பது உங்கள் விருப்பம்.

நாகூர்க்கரை

இவ்வளவு பேசுகிறீர்கள், ஒருவராவது அத்தர் என்று சொல்லவில்லையே. தர்கா அலங்கார வாசல் பக்கம் வாருங்கள், கண்ணாடிக் குப்பிகள் வரிசையாக இருக்கும். ரோஜா அத்தர் ஒரு சொட்டு, ஊத் அத்தர் ஒரு சொட்டு, மணிக்கட்டில் நீங்களே கலந்துகொள்ளலாம். உத்தரப் பிரதேசத்துக் கன்னௌஜில் சந்தன எண்ணெயில் இறக்குகிற ரோஜா அத்தர் கிடைத்தால் விடாதீர்கள். ஆல்கஹால் கிடையாது, அதனால் குப்பென்று கிளம்பாது, பக்கத்தில் வருகிறவருக்கு மட்டும் தெரியும். பந்திப் பிரச்சினையும் தீர்ந்தது.

அசாம் ஊத் எண்ணெய் முதலில் மாட்டுக் கொட்டகை மாதிரி இருக்கும், பயப்பட வேண்டாம். ஒரு மணி நேரம் பொறுங்கள்.

பூம்புகார்த் துறையில் அகிலும் சந்தனமும் வந்து குவிந்ததாகச் சங்கப் பாட்டே சொல்கிறது. அந்த ஊர்க்காரர்கள் பாரிஸைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம்.

கூத்தாநல்லூர் பாய்

நானா, தம்பி கேட்டது இனிப்பு. அத்தரில் அந்தப் பாகு இனிப்பு வராது. அத்தர் நல்லதுதான், ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் அது இல்லை. கொட்டகை வாசத்தோடு பெண்ணின் அண்ணன் மாப்பிள்ளை வீட்டாரைக் கும்பிட்டு வரவேற்றால் என்ன ஆவது?

காரைக்கால் துறைமுகம்

வாங்குகிற இடம் பற்றி ஒரு வார்த்தை. நான் ஆன்லைனில் ஒரு விற்பனையாளரிடம் பாதி விலைக்குச் சாட்டின் மூட் வாங்கினேன். பெட்டி, பாட்டில், செல்லோஃபேன் எல்லாம் கச்சிதம். அடித்தால் முதல் பத்து நிமிஷம் அதே வாசம், பிறகு வெறும் சர்க்கரையும் ஸ்பிரிட்டும். பணத்தைத் திருப்பி வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. இந்த வகையில் போலிகள் மூடியையும் அச்சையும் காப்பி அடித்துவிடுவார்கள், கடைசி நான்கு மணி நேரத்தை அடிக்க முடியாது. பெரிய விலை பாட்டில் என்றால் கம்பெனிக் கடையிலோ பேர் பெற்ற பெரிய ஸ்டோரிலோ மட்டும். பெட்டிக்கு அடியில் இருக்கிற எண்ணும் பாட்டிலில் இருக்கிற எண்ணும் ஒன்றா என்று மாமா மகன் அங்கேயே பார்க்கட்டும்.

ஷகாஃப்புக்கும் போலி வருகிறது, ஆனால் அங்கே கடையில் அசல் மலிவாகக் கிடைப்பதால் ஏமாறுகிற வாய்ப்பு குறைவு.

குடந்தை வெற்றிலை

வடுவூர்க்காரரே, இப்படியே பேசிக்கொண்டு போனால் கல்யாணமே முடிந்துவிடும். என் தம்பி தினமும் திருவாரூருக்கு வேலைக்கு வருகிறான். சின்ன ஸ்ப்ரே குப்பியில் கொஞ்சம் சாட்டின் மூட் ஊற்றி அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். ஷகாஃப்பை பாய் கடையில் போய் அடித்துக்கொள்ளுங்கள். உங்கள் வழியில்தானே கூத்தாநல்லூர் வருகிறது?

கூத்தாநல்லூர் பாய்

வாங்க தம்பி. அஸர் தொழுகைக்கு அப்புறம், சாயங்காலம் கடையில் இருப்பேன். ஒரு கைக்கு ஒன்று அடித்துக்கொள்ளுங்கள். காகிதத்தில் அடித்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், காகிதத்துக்கு வியர்க்காது.

வடுவூர்க்காரன்

அக்காவுக்கும் பாய்க்கும் ரொம்ப நன்றி. சோதனை முடிந்தது, விவரமாக எழுதுகிறேன்.

வேலை முடிந்து பாய் கடையில் இறங்கினேன். டீயும் பக்கோடாவும் கொடுத்துவிட்டுத்தான் பாட்டிலையே எடுத்தார். இடது கை மடிப்பில் ஷகாஃப், வலது கையில் சாட்டின் மூட், ஒவ்வொரு அழுத்தம். நல்ல வெயில் இறங்கும் நேரம், வேண்டுமென்றே கூட்டமான பஸ்ஸில் ஏறினேன்.

முதலில் இடது கையில் குங்குமப்பூ மூக்கைக் குத்தியது. கொஞ்சம் ஆஸ்பத்திரி வாடை கூட அடித்தது, பொய் சொல்ல மாட்டேன். வலது கை அப்போதே அழகு. அடித்த நொடியிலிருந்து வழவழப்பாக, வயலட்டும் ரோஜாவும் பிரிக்க முடியாமல். அங்கேயே முடிவு எடுக்கச் சொல்லியிருந்தால் பாதிப் பணத்தை அனுப்பியிருப்பேன்.

லெட்சுமாங்குடி தாண்டியதும் நிலைமை மாறியது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றதில் இரண்டு கையும் வியர்த்துவிட்டன. சாட்டின் மூடின் பவுடர் வாசம் ஈரம் பட்டதும் கனத்துவிட்டது. தொண்டையில் போய் உட்கார்ந்த மாதிரி. ஒரு கட்டத்தில் எனக்கு அது தெரியவே இல்லை, ஆனால் முன் சீட்டு ஆயா திரும்பிப் பார்த்து, "யாருப்பா மருதாணி எண்ணெயா?" என்றார். வாத்தியார் சொன்ன அயனோன் விளையாட்டு இதுதான் போல. இடது கையில் குங்குமப்பூவின் காரம் மட்டுப்பட்டு, இனிப்புக்கும் வியர்வைக்கும் நடுவில் ஒரு வறட்சியைக் கொடுத்துக்கொண்டே இருந்தது. அந்த வறட்சியால்தான் ரோஜா மூச்சு விட முடிந்தது என்று எனக்குப் படுகிறது.

வீட்டில் குளித்துவிட்டு மாடியில் காற்றாடப் படுத்தபோது கதை மறுபடி திரும்பியது. சோப்புப் போட்டும் இரண்டும் லேசாக இருந்தன. ஷகாஃப்பில் மிச்சம் இருந்தது வெறும் வெண்ணிலா, கொஞ்சம் தட்டையாக. சாட்டின் மூடில் ரோஜா இன்னும் இருந்தது. சாம்பிராணியும் இருந்தது. அந்த நேரத்தில் எது உசத்தி என்று கேட்டால் சந்தேகமே இல்லை.

ஆக எனக்குப் புரிந்த வரை, ஒரே வாசத்தின் மலிவு பதிப்பும் விலை பதிப்பும் என்று வீடியோக்காரர்கள் சொல்வது சரியில்லை. ஷகாஃப் ஓடுகிறவனுக்கு. சாட்டின் மூட் உட்கார்ந்திருப்பவர்களுக்கு. நான் ஃபேன் போட்ட மண்டபத்தில் ஓடப் போகிறவன். மாமா மகனிடம் ஷகாஃப் என்று சொல்லிவிட்டேன், வால் இல்லாத தங்கப் பாட்டில், படத்தோடு.

குடந்தை வெற்றிலை

கூட்டமான பஸ்ஸில் சோதித்தால் எந்த சென்டும் தோற்கும். கார்த்திகை மார்கழியில் ஒரு சாயங்காலம் போட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள், அப்போது பேசிக்கொள்ளலாம். குப்பியில் மிச்சம் இருக்கும், வெயில் படாமல் பீரோவில் வையுங்கள்.

நாகூர்க்கரை

மருதாணி எண்ணெய் என்று கேட்ட ஆயாவுக்கு என் ஓட்டு.

பந்தி மேற்பார்வை

முகூர்த்தத்தன்று காலை போட மாட்டீர்கள்தானே?

வடுவூர்க்காரன்

மாட்டேன் அண்ணே. சந்தனம் மட்டும்.

அக்கா, குப்பியில் மிச்சம் இல்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் அலமாரியில் வைத்தேன், தங்கச்சி கண்ணில் பட்டுவிட்டது. இரண்டு கையிலும் அடித்துக்கொண்டு, "எனக்கு இதுதான் வேணும், மேடையில நான் உட்காரத்தானே போறேன்" என்கிறாள். மாமா மகனோ, அண்ணனுக்கு வாங்கினேன், கல்யாணப் பெண்ணுக்கு வாங்காமல் வருவேனா என்று இன்னும் குஷியாகிவிட்டான். பெரிய பாட்டிலுக்கு எல்லார் கையும் சேர்ந்தாலும் இடிக்கிறது. வேறு வழி உண்டா?

குடந்தை வெற்றிலை

பார்த்தீர்களா! குர்க்ஜானில் 11 மி.லி. குப்பி மூன்று சேர்த்துப் பயண செட் போடுகிறார்கள். பெரிய பாட்டில் 70 மி.லி., இது அதில் பாதிக்கும் கீழே. மல்லி வைத்த தலைக்குப் பக்கத்தில் வேண்டாம், மணிக்கட்டில் மட்டும் அடிக்கச் சொல்லுங்கள். பூச்சந்தைக்காரர் சொன்னது வாஸ்தவம்.

கூத்தாநல்லூர் பாய்

மாமா மகனிடம் சொல்லுங்கள்: இரண்டையும் கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டியில், துணிக்கு நடுவில், மூடியில் டேப் சுற்றி. ரசீதை மட்டும் கையில் வைத்துக்கொள்ளட்டும்.